ஆறுகள் கூடும் இடம்: பாடலிபுத்திரம் தலைநகரான காரணம்

மகதத்தின் முதல் தலைநகரைச் சென்ற இதழில் பார்த்தோம். ஐந்து குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. அந்தக் குன்றுகளின் முகட்டை ஒட்டிச் சாந்து பூசாமல் பெருங்கற்களை அடுக்கி எழுப்பிய, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீள மதில். உள்ளே வெந்நீர் ஊற்றுகள், வடக்கே விளைநிலம். ராஜகிருகத்தைப் போல இயற்கையே காவல் நின்ற இடம் கங்கைச் சமவெளியில் போட்டியிட்ட அரசுகளில் வேறெதற்கும் வாய்க்கவில்லை. பிம்பிசாரனும் அஜாதசத்ருவும் அங்கிருந்துதான் மகதத்தை வளர்த்தார்கள். அந்த ஊரை விட்டுவிட்டு, சாலை வழியில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஓர் ஆற்றங்கரைக்கு அரியணையைக் கொண்டுபோனான் அஜாதசத்ருவின் மகன் உதயின். புராணங்களும் சமண மரபும் இதில் ஒத்துப்போகின்றன, காலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டியது. போன இடத்தில் மலை இல்லை, மதில் கட்டக் கல் இல்லை, மழைக்காலத்தில் மூன்று பக்கமும் வெள்ளம். காப்பில் குறைந்த அந்த இடம்தான், பாடலி என்னும் பாடலிபுத்திரம்தான், பிறகு நந்தர்களுக்கும் மௌரியர்களுக்கும் சுங்கர்களுக்கும் தலைநகரானது. பின்னாளில் குப்தர்களும் அங்கிருந்து ஆண்டார்கள். பாதுகாப்பான மலைக்கோட்டையிலிருந்து ஓர் அரசு ஏன் ஆற்றங்கரைக்கு இறங்கி வந்தது என்ற கேள்விக்கு விடை கண்டால், பேரரசு என்ற அமைப்பே எதன்மேல் நின்றது என்பதும் தெரியும்.

பாடநூல்கள் தரும் விடை எளியது. ஆறு வண்டல் கொண்டுவருகிறது, வண்டலில் விளைச்சல் பெருகுகிறது, உபரியில் நகரம் எழுகிறது, நகரம் தலைநகராகிறது. இந்தச் சங்கிலியின் முதல் மூன்று கண்ணிகளை நான் ஏற்கிறேன். நான்காவது கண்ணி உடைந்திருக்கிறது என்பதே இந்த இதழின் வாதம். சிந்துவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 2600 முதல் 1900 வரை மொகஞ்சதாரோ, ஹரப்பா, ராக்கிகடி, தோலாவிரா, கன்வேரிவாலா என ஐந்து பெருநகரங்கள் இருந்தன. செங்கல்லின் உயரம், அகலம், நீளம் 1:2:4 என்ற விகிதம் முதல் எடைக்கற்கள் வரை பரந்த நிலப்பரப்பெங்கும் ஒற்றுமை தெரிகிறது. ஆனாலும் இதுதான் மற்றவற்றை ஆண்ட தலைநகர் என்று விரல் நீட்டும்படி அந்த ஐந்தில் ஒன்றும் இல்லை. ஐயமற அரசன் மாளிகை என்று சொல்லத்தக்க கட்டடமும் அகப்படவில்லை. வளமான ஆறும் உபரியும் நகரங்களைத் தந்தன, தலைநகரைத் தரவில்லை. கங்கைச் சமவெளியிலும் இதுவே நிலை. காசி, யமுனைக்கரைக் கோசாம்பி, இன்று ராப்தி எனப்படும் அசிராவதிக் கரையின் சிராவஸ்தி, கங்கையின் கீழ்ப்போக்கில் சம்பா என்று மகாஜனபதங்களின் தலைநகரங்கள் நல்ல ஆற்றங்கரைகளில் இருந்தன. இவற்றில் எதற்கும் மண்வளம் குறைவில்லை. அந்தப் போட்டியில் வென்றதோ பெரிய ஆறு எதுவும் தொடாத ராஜகிருகம். வளமே பேரரசைத் தரும் என்றால் மகதம் தோற்றிருக்க வேண்டும். வென்ற மகதத்துக்கு ஊர் மாறவேண்டிய தேவையும் இருந்திருக்காது.

பாடலியின் தனித்தன்மை மண்ணில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. இன்றைய பாட்னாவைச் சுற்றியுள்ள நீர்வழிகளைப் பாருங்கள். மேற்கிலிருந்து, யமுனையின் நீரையும் ஏந்திக்கொண்டு கங்கை வருகிறது. வடமேற்கே அயோத்தி, சிராவஸ்திப் பகுதிகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு காக்ரா, சாப்ரா அருகே கங்கையில் விழுகிறது. நேர் எதிர்க்கரையில் ஹாஜிப்பூர் அருகே நேபாள மலைகளிலிருந்து கண்டகி வந்து சேர்கிறது. தெற்கே அமர்கண்டக்கில் பிறந்து, விந்தியக் காடுகளின் ஊடாக 780 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் சோணை இன்று பாட்னாவுக்கு மேற்கே மனேர் பக்கம் கலக்கிறது. பழங்காலத்தில் நகரின் ஓரத்திலேயே கலந்தது. கிழக்கே பத்துவா அருகே புன்புன். மேற்கு, வடமேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு திசைகளிலிருந்து வரும் படகுகள் சில நாள் பயண எல்லைக்குள் ஒரே கரையைத் தொடக்கூடிய இன்னோர் இடம் கங்கையின் 2,500 கிலோமீட்டர் ஓட்டத்தில் இல்லை என்றே சொல்வேன். பிரயாகையில் இரண்டு பேராறுகள் கூடுகின்றன. வடக்கு மலைகளும் தெற்குக் காடுகளும் அங்கே நேரடியாகக் கைகோக்கவில்லை. பாடலியிலோ கங்கையே தன் வண்டலால் தென்கரையில் ஒரு நீண்ட மேட்டை உயர்த்தி வைத்திருக்கிறது. மேட்டுக்குத் தெற்கே தாழ்நிலம். சந்திரகுப்த மௌரியரிடம் கி.மு. 300ஐ ஒட்டித் தூதராக வந்த மெகஸ்தனிஸ், நகரம் 80 ஸ்டேடியம் நீளமும் 15 ஸ்டேடியம் அகலமும் கொண்டது என்றார். ஒரு ஸ்டேடியத்தை 185 மீட்டர் என்று வைத்தால் ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர். இந்த ஒடுங்கிய நீள்வடிவம், நகரம் ஆற்றுமேட்டின் மேல் அதன் போக்கிலேயே படுத்திருந்ததைக் காட்டுகிறது. நகரத்தார் நீர்த்துறையை விட்டு விலக விரும்பவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. பாடலி வணிகத்துக்காகவோ வரிக்காகவோ கட்டப்பட்ட ஊர் அன்று. அது எதிரியைத் தடுக்கும் கோட்டை என்பார்கள். சான்றும் உண்டு. புத்தரின் கடைசிப் பயணத்தைச் சொல்லும் மகாபரிநிப்பான சுத்தத்தில், அஜாதசத்ருவின் அமைச்சர்களான சுனீதனும் வஸ்ஸகாரனும் வடகரை வஜ்ஜிகளைத் தடுப்பதற்காகப் பாடலி கிராமத்தில் கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கங்கைக்கு அந்தப் பக்கம் வைசாலி; லிச்சவிகளை உள்ளிட்ட வஜ்ஜிக் கூட்டாட்சி மகதத்தின் பெரும்பகை. கல்லெறியும் பொறி, தண்டம் பூட்டிய தேர் என்னும் புதிய போர்க்கருவிகளை மகதம் அந்தப் போரில் இறக்கியதாகச் சமண நூலான பகவதி சூத்திரம் சொல்கிறது. ஆகவே பிறப்பால் பாடலி ஓர் எல்லைக் காவல்தான், அதில் ஐயமில்லை. ஆனால் கோட்டை எழுந்ததையும் தலைநகர் வந்ததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கோட்டை வஜ்ஜிகள் உயிரோடு இருந்தபோது எழுந்தது. அரியணை வந்தது அவர்கள் வீழ்ந்த பிறகு. எதிரி அழிந்ததும் எல்லைக்கோட்டை ஆளிழந்து பாழாவதே உலக வழக்கம். பாடலியில் நடந்தது அதற்கு நேர்மாறு. வஜ்ஜிகள் இருந்தவரை கண்டகியின் வாயும் கங்கையின் வடகரையும் பகைவர் கையில் இருந்தன. ஆற்றுச் சந்தியின் பயன் பாதிதான் கிடைத்திருக்கும். அவர்கள் வீழ்ந்ததும் முழுச் சந்தியும் ஒரே அரசின் கைக்கு வந்தது. இடத்தின் மதிப்பு அப்போதுதான் முழுமையடைந்தது. தலைநகரும் அப்போதுதான் வந்தது. அந்தச் சுத்தமே கட்டுமானத்தின் நடுவில் புத்தர் சொன்னதாக ஒரு கணிப்பைத் தருகிறது: இது ஆரியர் நடமாடும் நகரங்களில் தலையாயதாகும், வணிகப் பொதிகள் அவிழும் இடமாகும்; தீயாலும் நீராலும் உட்பகையாலும் இதற்குக் கேடு வரும். நடந்து முடிந்ததைப் பின்னாளில் கணிப்பாக எழுதிச் சேர்த்திருக்கலாம். சேர்த்திருந்தாலும், அந்த நகரத்தைக் கண்ணால் கண்ட தலைமுறைகள் அதன் பெருமையைக் கோட்டை வலிமையில் வைக்காமல் பொதிகளில் வைத்தார்கள் என்பது அப்படியே நிற்கிறது.

இரண்டாவது மறுப்பு இரும்பைப் பற்றியது. தெற்கே சோட்டா நாகபுரிப் பீடபூமியின் தாதுவைக் கையில் வைத்திருந்ததால்தான் மகதம் வென்றது என்று டி. டி. கோசாம்பி வலியுறுத்தினார். காடழிக்கும் கோடரியும் கனத்த களிமண்ணை உழும் கொழுமுனையும் படைக்கலமும் ஒரே உலோகத்தால் ஆனவை என்பதால் இந்த விளக்கம் பல தலைமுறை மாணவர்களைக் கவர்ந்தது. இன்றும் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் கங்கைச் சமவெளியின் மற்ற அரசுகளும் இரும்பைப் பயன்படுத்தின. அது மகதத்தின் தனிச்சொத்தாக இருந்ததில்லை. அதைவிட முக்கியமான ஒன்று: இரும்புதான் அதிகாரத்தின் ஊற்று என்றால், தாதுவுக்கு அருகில் இருந்த ராஜகிருகத்தை விட்டு அதிலிருந்து மேலும் விலகி ஓர் அரசு ஏன் போக வேண்டும்? சுரங்கத்தைக் காக்க விரும்புகிறவன் சுரங்கத்தின் பக்கம்தான் நகர்வான். மகதம் எழுந்ததற்கு இரும்பு ஒரு காரணமாக இருக்கட்டும். தலைநகர் இடம்பெயர்ந்ததை அது விளக்கவில்லை.

விளக்குவது எடை. நாணயம் புழங்கத் தொடங்கியிருந்த காலம்தான். முத்திரையிட்ட வெள்ளிக்காசுகள் மகதத்தில் ஏராளம். ஆனால் நிலவரியின் பெரும்பகுதி தானியமாகவே வந்தது. விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு என்பது நூல்களின் பொதுவிதி, நான்கில் ஒரு பங்கு என்பது மெகஸ்தனிஸ் வழி வரும் செய்தி. எந்தப் பங்காக இருந்தாலும் அது மூட்டை மூட்டையாக நகர வேண்டும். மாட்டுவண்டியில் போகும் நெல் பாதி வழியிலேயே வண்டிக்காரனுக்கும் மாட்டுக்கும் உணவாகிறது. தூரம் கூடக்கூடக் கொண்டுபோவதே நட்டம். அதுவும் மழைக்காலத்தில் அந்தக் களிமண் நாட்டில் வழிகள் சேறாகிவிடும். பௌத்தத் துறவிகள் மழை மாதங்களில் ஓரிடத்திலேயே தங்கிவிடும் விதி அந்த நிலத்தின் நடைமுறையில் பிறந்தது. படகுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீரோட்டத்தோடு வருவதற்குத் தீனியும் வேண்டியதில்லை. மௌரியர் காலத்தைச் சேர்ந்தவையாகப் பொதுவாகக் கருதப்படும் இரண்டு சிறிய பிராமி எழுத்துச் சான்றுகளை இங்கே அருகருகே வைக்க வேண்டும். ஒன்று கோரக்பூர் மாவட்டத்தில் சோகௌராவில் கிடைத்த செப்பேடு. மற்றொன்று இன்றைய வங்கதேசத்தில் மகாஸ்தானில் 1931இல் கிடைத்த கல்வெட்டுத் துண்டு. இரண்டும் பேசுவது அரசின் களஞ்சியங்களைப் பற்றி. இடர்க்காலத்துக்கென்று சேமித்த பொருளைப் பற்றி. சோகௌரா ராப்தியின் கரையில் இருக்கிறது. மகாஸ்தான், முன்பு பேராறாக ஓடிய கரதோயாவின் கரையில். ராப்தி காக்ராவில் கலந்து கங்கைக்கு வருகிறது. அங்கிருந்து படகு ஏற்றினால் தலைநகரின் துறைக்கே வந்து சேரும். களஞ்சியத்தை ஆற்றங்கரையில் வைத்த அரசு தலைநகரை மலைக்குள் வைத்திருக்க முடியாது.

தானியம் மட்டுமா? அசோகரின் தூண்களை நினைத்துப் பாருங்கள். 12 முதல் 15 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கற்கள். பெரியவை 50 டன் வரை எடையுள்ளவை. கல் வெட்டிய இடமாகச் சொல்லப்படும் சுனார், காசிக்கு மேற்கே கங்கைக்கரையிலேயே இருக்கிறது. தூண்கள் நிற்கும் வைசாலி, லௌரியா அரராஜ், லௌரியா நந்தன்கட், ராம்பூர்வா ஆகியவை பாட்னாவுக்கு எதிர்க்கரையிலிருந்து நேபாள எல்லைவரை கண்டகியைத் தழுவிய பகுதியில் அமைந்தவை. சுனாரில் படகேறிய கல் கங்கையில் இறங்கி வந்து கண்டகியில் திரும்பியிருக்க வேண்டும். திரும்பும் முனை பாடலி. இது வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது. 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் தோப்ராவிலிருந்து அசோகர் தூண் ஒன்றை டெல்லிக்குக் கொண்டுவந்ததைச் சம்ஸ் சிராஜ் அபீப் விரிவாக எழுதியிருக்கிறார். 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் தூணை யமுனைக்கரை வரை இழுத்து, பெரும்படகுகளில் ஏற்றித்தான் டெல்லிக்குக் கொண்டுவந்தார்கள். பதினாறு நூற்றாண்டுகள் கழித்தும் அந்த எடைக்கு ஆறுதான் வழி.

மூன்றாவது மறுப்பு எதிர்பாராத இடத்திலிருந்து, கௌடில்யரிடமிருந்தே வருகிறது. தஞ்சைப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்குக் கொடுத்த சுவடியிலிருந்து ஆர். சாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்த அர்த்தசாஸ்திரம், நீர்வழி நல்லதா நிலவழி நல்லதா என்று நேராகவே விவாதிக்கிறது. செலவும் உழைப்பும் குறைவு, சரக்கு மிகுதி, ஆகவே நீர்வழியே சிறந்தது என்பது முன்னோர் கருத்து. கௌடில்யர் அதை மறுக்கிறார்: நீர்வழி நினைத்த இடத்துக்குப் போகாது, எல்லாப் பருவத்திலும் பயன்படாது, ஆபத்து நேர்ந்தால் மீள வழியில்லை. இதைப் படித்துவிட்டு, ஆறுதான் தலைநகரை இழுத்தது என்று இன்னும் எப்படிச் சொல்வது? அந்தப் பகுதி எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். மற்ற அரசனோடு உடன்படிக்கை செய்து புதிய வணிகப் பாதை ஒன்றைப் பெறும்போது எதைத் தேர்வது என்பதே அங்குள்ள கேள்வி. அங்கும் நடுக்கடல் வழியைவிட ஆற்றுவழி மேல், அது நிலையானது, அதன் ஆபத்து தாங்கக்கூடியது என்று அவரே சொல்கிறார். தலைநகரை எங்கே கட்டுவது என்று பேசும் இடத்திலோ, ஆறுகள் கூடும் இடத்திலோ வற்றாத நீர்நிலையின் கரையிலோ கட்டுக என்கிறார். நிலவழியும் நீர்வழியும் இரண்டும் அந்நகரைத் தொட வேண்டும் என்கிறார். பெரிய ஆறுகளில் கோடையிலும் கடக்க ஏற்ற பெரும்படகுகளை அரசே வைத்திருக்கவும், துறைகளில் கட்டணம் வாங்கவும் ஒரு தனி அதிகாரியையும் அந்நூல் அமர்த்துகிறது. அந்நூலின் காலம் பற்றி அறிஞரிடையே வழக்கு தீரவில்லை. மௌரியர் காலத்துக்குப் பிறகு தொகுக்கப்பட்டது என்பவர்கள் பலர். அதை மௌரிய ஆட்சியின் நேரடிப் பதிவாக நான் எடுக்கவில்லை. ஆனால் வட இந்திய ஆட்சி மரபு, பாதையையும் தலைநகரையும் இரண்டு வெவ்வேறு அளவுகோலால் அளந்தது என்பதற்கு அது போதுமான சான்று. வடமேற்கிலிருந்து 10,000 ஸ்டேடியம் நீளத்துக்கு அரசபாதை ஒன்று பாடலியை நோக்கி வந்ததாகக் கிரேக்கர் குறித்தார்கள். அந்தப் பாதையும் வந்து முடிந்தது ஆற்றுச் சந்தியில்தான்.

மெகஸ்தனிஸை எவ்வளவு நம்பலாம் என்பது நான்காவது கேள்வி. அவருடைய நூல் அழிந்துவிட்டது. ஸ்ட்ராபோவும் அரியனும் எடுத்தாண்ட பகுதிகள்தான் எஞ்சியவை. தங்கம் தோண்டும் எறும்புகளையும் வாயில்லா மனிதர்களையும் பற்றி எழுதியவர் என்று ஸ்ட்ராபோவே அவரைப் பழித்தார். நகரைச் சுற்றி மரமதில், அதில் 570 காவற்கோபுரங்கள், 64 வாயில்கள், ஆறு பிளெத்ரம் அகல அகழி என்று அவர் தரும் எண்கள் மிகையாகத்தான் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 80க்கு 15 என்ற நகரின் சுற்றளவு 190 ஸ்டேடியம். 570ஐ 190ஆல் வகுத்தால் சரியாக மூன்று. ஒரு ஸ்டேடியத்துக்கு மூன்று கோபுரம், ஏறத்தாழ 60 மீட்டருக்கு ஒன்று. அர்த்தசாஸ்திரம் கோபுரங்களுக்கிடையே சொல்லும் 30 தண்டம், ஏறத்தாழ 54 மீட்டர், இதற்கு மிக அருகில் வருகிறது. எல்லாக் கோபுரத்தையும் அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். இடைவெளி விதியைக் கேட்டறிந்து பெருக்கியிருக்கலாம். அப்படியானால், திட்டமிட்ட அளவோடு மதில் கட்டிய ஆட்சியிடமிருந்து அவருக்குச் செய்தி கிடைத்திருக்கிறது. மண்ணும் அவருக்குச் சாட்சி சொன்னது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி அகழாய்வுகளில் பாட்னாவின் புலந்தி பாக்கில், தண்ணீர் ஊறிய மண்ணுக்கடியில் இரண்டு வரிசையாக நட்ட கனத்த மரச்சட்டங்கள் வெளிப்பட்டன. குமராகரில் ரத்தன் டாடாவின் பொருளுதவியோடு 1912 முதல் டி. பி. ஸ்பூனர் தோண்டியபோது பெரும் தூண்மண்டபத்தின் தடம் தெரிந்தது. 1951 முதல் 1955 வரை ஏ. எஸ். அல்தேகர் நடத்திய ஆய்வோடு தூண்களின் கணக்கு 80 ஆயிற்று. ஸ்பூனர் அந்த மண்டபத்தைப் பாரசீகரின் கைவேலையாகவே கண்டு, மௌரியரையே பாரசீக மரபினராக்கப் பார்த்தார். அவர் கண்ட தூண்குழிகள் நிற்கின்றன, அந்த முடிவு நிற்கவில்லை.

மரமதில் என்ற செய்தியே என் வாதத்துக்கு மிகவும் வேண்டியது. கோட்டை மதிலை மரத்தால் கட்டாதே, நெருப்பு அதில் குடியிருக்கிறது என்று அர்த்தசாஸ்திரம் எச்சரிக்கிறது. பாரதத்தின் மிகப் பெரிய நகரமோ மரத்தால் சூழப்பட்டிருந்தது. ஏன் என்பதை அரியன் எடுத்துத் தருகிறார்: ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் உள்ள நகரங்களை மரத்தால் கட்டுகிறார்கள், மழையும் வெள்ளமும் செங்கல்லை நிற்கவிடா, மேட்டு நிலத்து நகரங்களுக்குச் செங்கல்லும் மண்ணும். அதாவது, தீக்கு எளிதில் இரையாகும் மதிலைத் தெரிந்தே ஏற்றார்கள். சால மரங்களைத் தெற்குக் காடுகளிலிருந்து சோணை மிதக்கவிட்டே கொண்டுவந்து சேர்த்திருக்கும். ராஜகிருகத்தில் தீண்ட முடியாத கல்மதில் இருந்தது. அதைக் கைவிட்டு, தீயையும் வெள்ளத்தையும் ஒருசேரத் தலையில் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு இந்த ஆற்றுச் சந்தி அவர்களுக்கு வேண்டியதாக இருந்தது. ஓர் அரசு எதை உயர்வாக மதித்தது என்பதை அறிய, அது எதை இழக்கத் துணிந்தது என்று பார்ப்பதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இந்த நகரின் பெயர் எவ்வளவு தொலைவுக்கு, எந்த அடையாளங்களோடு போயிற்று என்பதற்குச் சங்க இலக்கியம் சாட்சி. குறுந்தொகையின் 75ஆம் பாடலில் படுமரத்து மோசிகீரனார் பாடலியைப் பொன் மிகுந்த ஊராகச் சொல்கிறார். யானைகள் சோணையில் நீராடுகின்றன. அகநானூறு 265இல் மாமூலனார், நந்தர் பாடலியில் திரட்டிக் கங்கை நீருக்கடியில் மறைத்துவைத்த செல்வத்தைப் பேசுகிறார். ஈராயிரம் கிலோமீட்டர் தெற்கே இருந்த புலவர்களுக்கு அந்த ஊரைப் பற்றிச் சென்றுசேர்ந்தவை இவை: பொன், யானை, சோணை, கங்கை. வயலும் விளைச்சலும் அந்தப் பட்டியலில் இல்லை. தென்காடுகளின் யானை, கிரேக்க மன்னன் செலூக்கஸுக்கு 500 யானைகளைக் கொடுக்க முடிந்த அரசின் யானை, சோணை வழியாகத் தலைநகரை எட்டியிருக்கலாம். குவிந்த வரியும் காட்டின் படைவலியும் ஆற்றோடு பிணைந்தே நினைவில் தங்கியிருக்கின்றன.

நீர்வழிகளைப் பிடிக்கும் இடத்தில் தலைநகர் அமையும் இந்த ஒழுங்கு மேற்கு ஆசியாவிலும் எகிப்திலும் தெரிகிறது. கி.மு. 24ஆம் நூற்றாண்டில் அக்காத் பேரரசை நிறுவிய சார்கோன், மெலுகா, மகான், தில்முன் நாடுகளின் கப்பல்களை அக்காதின் துறையில் கட்டச் செய்ததைத் தன் சாதனையாகக் கல்வெட்டில் பொறித்தான். எகிப்தின் மெம்பிஸ், நைல் ஒற்றை ஆறாக வந்து கழிமுகத்தில் கிளைகளாகப் பிரியும் முனையை ஒட்டி நின்றது; மேல் எகிப்துக்கும் கீழ் எகிப்துக்கும் அதுவே கழுத்து.

கடைசி மறுப்புதான் கடினமானது. இடம் இவ்வளவு உயர்ந்தது என்றால் ஏன் கைவிடப்பட்டது? 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீனத் துறவி பாகியான் அசோகரின் மாளிகையைக் கண்டு, இது மனிதர் கட்டியதாக இருக்க முடியாது என்று வியந்தார். 7ஆம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் பார்த்தது இடிபாடுகளை. அதிகாரம் அதற்குள் கன்னோசிக்குப் போயிருந்தது. சோணை மேற்கே விலகியதும் வெள்ளமும் ஒரு பங்கு செய்திருக்கும். ஆனால் கங்கையும் கண்டகியும் எங்கும் போய்விடவில்லை. ஆகவே ஆற்றின் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. குப்தர் காலம் முதல் நிலக்கொடைகள் பெருகி, ஊரின் வரி ஊரிலேயே கொடை பெற்றவர் கையில் நின்றது. வணிகமும் காசும் சுருங்கின என்று ஆர். எஸ். சர்மா காட்டினார். அவருடைய நகரச் சிதைவுக் கொள்கையை எல்லா ஊருக்கும் பொருத்த முடியாது என்று மறுப்பவர்கள் உண்டு; பாடலிக்கு அது பொருந்துகிறது. நான்கு திசையிலிருந்தும் வரி மிதந்து வராதபோது, நான்கு திசையும் கூடும் துறைக்கு வேலை இல்லை. இதை மெய்ப்பிக்கும் ஒரு நிகழ்ச்சி ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு நடந்தது. அப்போது அந்த மாநிலத்தின் ஆட்சித்தலம் உள்நாட்டில், ராஜகிருகத்துக்குப் பக்கத்தில் இருந்த பிகார் என்ற ஊர். இன்றைய பிகார் ஷெரீப். வங்காளத்திலிருந்து வடமேற்குவரை வரியை ஒழுங்காகத் திரட்டும் ஆட்சியை மீண்டும் அமைத்த ஷேர் ஷா, 1541இல் கங்கைக்கரையில் நின்று பாட்னாவில் கோட்டை கட்ட ஆணையிட்டார். அதன்பின் பிகார் ஊர் தேய்ந்தது, பாட்னா அந்த நாட்டின் பெருநகரமாயிற்று என்று ஆப்கானியர் வரலாறு எழுதிய அப்துல்லா குறிக்கிறார். உதயின் செய்ததை, ஏறத்தாழ அதே இடத்திலிருந்து அதே கரைக்கு, ஈராயிரம் ஆண்டு கழித்து இன்னொருவர் செய்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது தொலைநாட்டு வரியை ஓரிடத்தில் குவிக்க வேண்டிய தேவை.

இந்த வாதத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மௌரியரின் மாகாணத் தலைநகரங்களாக அறியப்படுபவை தட்சசீலம், உஜ்ஜயினி, தோசலி, சுவர்ணகிரி. இவற்றில் ஒன்றும் பாடலியைப் போன்ற பேராற்றுச் சந்தியில் இல்லை. உஜ்ஜயினியின் சிப்ரா சிற்றாறு. தட்சசீலம் மலைவழிகளின் சந்தி. அப்படியானால் பேரரசின் நடுவுக்கு ஒரு விதி, ஓரங்களுக்கு வேறு விதி. தானியத்தைக் கங்கைச் சமவெளியில் திரட்டிய அரசு, தொலை மாகாணங்களிடம் மூட்டைகளை எதிர்பார்க்கவில்லை; எடை குறைந்து விலை மிகுந்த பொருள்களை எதிர்பார்த்தது என்று நினைக்கிறேன். வடக்குப் பாதையைவிடத் தெற்குப் பாதை மேலானது, சங்கும் வைரமும் முத்தும் பொன்னும் அங்கிருந்தே மிகுதியாக வருகின்றன என்று அர்த்தசாஸ்திரம் சொல்வது இதற்கு ஒத்துப்போகிறது. பொன்விளையும் கருநாடக, ஆந்திர எல்லைப் பகுதியில் மாஸ்கியிலும் எர்ரகுடியிலும் அசோகரின் கல்வெட்டுகள் ஏன் நெருங்கி நிற்கின்றன, சுவர்ணகிரியின் இளவரசன் எந்த வழியாகப் பாடலியோடு தொடர்பு வைத்திருந்தான் என்பதை அடுத்த இதழில் அந்தக் கல்வெட்டுகளையே வைத்து ஆராய்வோம்.